கேமரா அப்புறம் வாங்கலாம், அம்மா

பிளஸ் டூ முடித்த மகன் போட்டோகிராபர் ஆகப்போவதாகச் சொல்கிறான், ஒன்றரை லட்சத்துக்குக் கேமரா கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கேமரா இப்போது வேண்டாம். அவன் ஆசையையும் தட்டிவிட வேண்டாம்.

ஓர் எவர்சில்வர் டம்ளரை ஜன்னலோரம் வைத்து, கையில் இருக்கும் போனிலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் கம்பி, மின்விசிறி, அவன் முகம் எல்லாம் டம்ளரில் தெரியும். ஜன்னலுக்கு டிரேசிங் பேப்பர் ஒட்டி, எதிர்ப்பக்கம் தெர்மகோல் நிறுத்தினால் பளபளப்பு அடங்கும், ஆனால் விளிம்பு பின்னணியோடு கரைந்துவிடும். இரு ஓரத்திலும் கறுப்பு சார்ட் வைத்தால்தான் விளிம்பு பிரிந்து தெரியும். இதை நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்! இரண்டு நாள் மல்லுக்கட்டி அவனே கண்டுபிடித்தால் சரி. பாத்திரம், நகை, பாட்டில் எடுக்கும் விளம்பரப் படக்காரர்களுக்கு இதுதான் அன்றாடப் பிழைப்பு. அரை மணியில் சலித்துப்போனால் ஆசை கேமராவின் மேல்தான்.

நீங்கள் திருப்பூரில் இருப்பது நல்லதாகப் போயிற்று. பனியன் கம்பெனிகளுக்குக் கேட்டலாக் படம் எடுப்பவர் யாரிடமாவது ஒரு வருஷம் உதவியாளராக லைட் தூக்கட்டும். கல்யாண வேலையில் காசு உண்டு, ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும். அந்த மாதங்களுக்கும் ஸ்டுடியோ வாடகை உண்டே.

படிப்பென்றால், ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமி இதற்கென்றே இருக்கிறது. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) போல ஒரு டிகிரி முடித்தால், என்.ஐ.டி. எனப்படும் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனின் காந்திநகர் வளாகத்தில் போட்டோகிராபி டிசைன் முதுகலைக்கு முயலலாம். போட்டோகிராபிக்கான பெரிய சர்வதேச விருதான ஹாசல்பிளாட் விருதை 2022இல் பெற்ற போட்டோகிராபர் தயாநிதா சிங் அதே என்.ஐ.டி.யில், அகமதாபாத்தில் படித்தவர்தான். அவர் போன வழி கலைப் புகைப்படம். ஒரு படத்துக்குப் பத்துப் பிரதிதான் என்று எண் போட்டு, கையெழுத்திட்டு விற்கிற உலகம் அது. பல வருஷம் கைக்காசு போட வேண்டியிருக்கும். அதனால் வயிற்றுக்கு விளம்பர வேலை, ஞாயிற்றுக்கிழமை சொந்தப் படம் என்று தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் துணிக்கடைக்கு ஒரு நாள் கூலிக்கு எடுத்த படம் மூன்று வருஷம் பேனரில் தொங்கியது. கேட்கப் போனால் வழியில்லை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. எங்கே, எத்தனை வருஷம் பயன்படுத்தலாம், படம் யாருக்குச் சொந்தம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிட வேண்டும்.

டம்ளர் படத்தை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். மின்விசிறி தெரிகிற முதல் படத்தையும் சேர்த்து.