21 ஏன் இரண்டு வர்க்கங்களாகப் பிரிய மறுக்கிறது?

கேள்வி: 4-ஆல் வகுத்து மீதி 1 வந்தால், அந்த எண்ணை இரண்டு முழு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்று ஒலிம்பியாட் பயிற்சி மையத்தில் சொல்லித்தந்தார்களாம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு 21 மட்டும் வரவே இல்லை. எங்கே தவறு செய்கிறாள்?

பதில்: அவள் தவறே செய்யவில்லை. 21-இலிருந்து 16, 9, 4, 1 எதைக் கழித்தாலும் மிஞ்சுவது வர்க்கமல்ல.

மையத்தில் சொன்னது பாதி விதி. இரட்டை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0, ஒற்றை எண்ணுடையதற்கு 1. இரண்டைக் கூட்டினால் 3 வராது. ஆகவே மீதி 3 என்றால் முடியாது, அது சரி. மீதி 1 என்றால் முடியும் என்பது பகா எண்களுக்குத்தான் உறுதி. 1640-இல் ஃபெர்மா சொல்லி, ஒரு நூற்றாண்டு கழித்து ஆய்லர் நிரூபித்தது அதைத்தான். அந்தப் ‘பகா’வை விழுங்கிவிட்டு, குறுக்குவழி என்று பணம் வாங்குகிறார்கள்!

எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 3, 7, 11, 19 போல மீதி 3 தரும் பகா எண் ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வர வேண்டும். 21-இல் 3-உம் 7-உம் ஒரே ஒரு முறைதான். ராமானுஜனின் 1729-க்கும் மீதி 1தான். ஆனால் அது 7 × 13 × 19. இரண்டு கனங்களின் கூடுதலாக இரு வழிகளில் எழுதலாம், இரண்டு வர்க்கங்களாக ஒரு வழியிலும் முடியாது. 45-இல் 3 இரு முறை வருகிறது: 36 + 9.

பூஜ்யத்தில் கவனம் தேவை. 49-இல் 7 இரு முறை வருகிறது, விதிப்படி முடியும்: 49 + 0. பூஜ்யமும் வர்க்கம்தான். ஆனால் வினாவில் ‘மிகை முழுக்கள்’ என்று இருந்தால் 49 முடியாது. 9-உம் முடியாது. 25 முடியும், 9 + 16 இருக்கிறதே. வினாவை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் போவது இங்கேதான்.

நான்கு வர்க்கங்கள் என்றால் கவலையே இல்லை, எல்லா எண்ணுக்கும் முடியும். 1770-இல் லாக்ராஞ்ச் நிரூபித்துவிட்டார்.

ஒலிம்பியாட் என்று பெயர் வைத்த தேர்வெல்லாம் ஒலிம்பியாட் அல்ல. இந்திய அணிக்குப் போகும் பாதை ஐஓகியூஎம் என்ற இந்தியக் கணித ஒலிம்பியாட் தகுதித் தேர்வில் தொடங்குகிறது. பள்ளியிலேயே கட்டணம் வாங்கிப் பதக்கம் கொடுக்கும் தனியார் தேர்வுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளையை ‘ஃபார்முலாவைப் போடு’ என்று அடக்கும் பள்ளிகள்தான் இப்படிப்பட்ட மையங்களையும் தேர்வுகளையும் வளர்த்துவிடுகின்றன.

அடுத்த வகுப்பில் 33, 57, 77 மூன்றையும் அந்த விதிப்படி பிரித்துக் காட்டும்படி உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் மீதி 1. மூன்றும் பிரியாது.