கஞ்சமலையும் குச்சிக்கிழங்கும்

அன்புள்ள ஐயா,

எனக்குத் தலைவாசல் பக்கம் ஒரு கிராமம். இப்போது ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். அப்பா மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறார்.

எங்கள் மாவட்டத்தில் என்னதான் இல்லை? கஞ்சமலையில் இரும்பு, சேலத்தில் வெள்ளைக்கல், ஏற்காட்டில் பாக்சைட், மேட்டூரில் தண்ணீரும் மின்சாரமும். 1970இல் நமக்கு உருக்காலை அடிக்கல் நாட்டிய அதே ஆண்டில்தான் தென்கொரியாவும் போஹாங் நகரில் உருக்காலை வேலையைத் தொடங்கியது. அவர்கள் எங்கே, நாம் எங்கே? என்னோடு படித்தவர்களில் ஒருவன்கூட இன்று சேலத்தில் இல்லை. அரசு முனைந்து ஒரு பெரிய ஆலையைக் கொண்டுவந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? வருகிற திட்டத்தையெல்லாம் எதிர்த்துக்கொண்டிருந்தால் வளரும் நாடு எப்போது வளர்ந்த நாடாகும்?

இர., ஓசூர்

அன்புள்ள இர.,

சிறுவயதில் கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர்கோவிலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு காந்தத் துண்டைக் கயிற்றில் கட்டி ஓடை மணலில் இழுத்துக்கொண்டே நடப்போம். கோவிலை அடைவதற்குள் காந்தத்துக்குக் கறுப்பு மீசை முளைத்திருக்கும். காலடியில் இரும்பு கிடக்கிறது, ஒருநாள் அது நம்மைத் தூக்கிவிடும் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதும் அதே நம்பிக்கைதான் என்பதால் இந்த மீசையைச் சொல்கிறேன்.

அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலம் வட்டாரத்து இரும்புக்கல்லைக் காவிரி வழியாகப் படகில் கொண்டுபோனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்குக் கடன் கொடுத்தது, சலுகை கொடுத்தது. உலைக்கு வேண்டிய மரக்கரிக்காகக் காடுகள் கரைந்தன. நாற்பது ஆண்டுகளுக்குள் ஆலையும் கரைந்தது. கல் நம்முடையது, கடன் கம்பெனியுடையது. தொழிலை யாரும் இங்கே விட்டுப்போகவில்லை.

இப்போது உங்கள் ஒப்பீட்டுக்கு வருகிறேன். போஹாங்கில் 1970 ஏப்ரலில் வேலை தொடங்கியது. 1973 ஜூலையில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் உருக்குத் திறனுடன் முதல் கட்டம் முடிந்துவிட்டது. தென்கொரியாவில் சொல்லிக்கொள்ளும்படி இரும்புக்கல் கிடையாது, உலைக்கான நிலக்கரியும் கிடையாது. இரண்டையும் கப்பலில் இறக்கினார்கள். பணத்துக்குக்கூட ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுத் தொகையில்தான் கைவைத்தார்கள். நம்மிடம் இருப்பவற்றை வரிசையாக எழுதியிருந்தீர்கள் அல்லவா, அவர்களுக்கு எழுதியிருந்தால் காகிதம் வெறுமையாகத்தான் இருந்திருக்கும்.

நம் கதையைப் பாருங்கள். 1967 ஜூலை 23ஆம் தேதியைத் தமிழ்நாடு 'எழுச்சி நாள்' என்று கொண்டாடியது. சேதுக் கால்வாயும் சேலம் உருக்காலையும்தான் அன்றைய கோரிக்கைகள். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலைக் கல்லையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் சேர்த்து உருக்குவோம் என்பதுதான் கனவு. கஞ்சமலைக் கல்லில் இரும்பு நூற்றுக்கு நாற்பதைத் தொடுவதே பெரிய பாடு. சத்தீஸ்கர் பைலாடிலாவில் அறுபதுக்கு மேல் இருக்கிறது. பழுப்பு நிலக்கரி உலையின் பாரத்தைத் தாங்காது. திட்டம் சுருங்கிச் சுருங்கி, 1981இல் ஆண்டுக்கு 32,000 டன் எவர்சில்வர் தகடு உருட்டும் ஆலையாகத் திறந்தது. வெளியூரிலிருந்து வந்த சுருளை இன்னும் மெல்லியதாக்கி அனுப்புவதே வேலை. சூடான நிலையில் உருட்டும் பிரிவு வர 1995 ஆனது. உலை மூட்டி உருக்கை உருக்கியது 2010இல். உருக்காலை என்ற பெயர்ப்பலகையின் கீழ் இருபத்தொன்பது ஆண்டுகள் எதுவும் உருகவில்லை.

ஆலையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அங்கே உருண்ட தகடு தரமானது. 'சேலம்' என்ற பெயரைப் பார்த்துப் பாத்திரம் வாங்கிய தலைமுறை நாங்கள். உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் நாணயத்துக்கான வில்லைகூட அங்கே வெட்டியதாக இருக்கலாம். என் கேள்வி ஆலையின் வாசலுக்கு வெளியே இருக்கிறது. கப்பல் கட்டுகிறவனும் கார் செய்கிறவனும் போஹாங் தகட்டுக்காகக் காத்திருந்தார்கள். இங்கே தகடு லாரியில் ஏறி ஊரைவிட்டுப் போனது. ஆலையைக் கேட்டு வாங்குவதில் நாம் கெட்டிக்காரர்கள். வந்த பிறகு அதன் நிழலில் என்ன முளைக்க வேண்டும் என்று எழுச்சி நாளிலும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, ரயில் செலவைச் சமன்படுத்தி, நாடு முழுவதும் இரும்பை ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்றது மத்திய அரசு. ஜாம்ஷெட்பூரில் என்ன விலையோ, கோயம்புத்தூரிலும் அதுவே. பக்கத்தில் உலை இல்லாமலே கோவையின் மோட்டார் பம்புகள் வளர்ந்ததில் அந்தக் கொள்கைக்கும் பங்கு உண்டு. இரும்பின் மேலே உட்கார்ந்திருந்த பீகார்தான் (இன்றைய ஜார்க்கண்டும் அன்று அதில்தான் இருந்தது) ஏமாந்தது. அருகில் ஆலை இருந்தால் ஊர் தானாகச் செழிக்கும் என்பதை நம்புகிறவர்கள் ஒருமுறை அந்தப் பக்கத்து நிலக்கரி நகரான தன்பாத் வரை போய்வரலாம்.

அடிக்கல் இல்லாமல் வந்த ஒரு தொழிலைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு வயலில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் மலேயாப் பக்கம் ஜப்பான் கைக்குப் போனதும் ஜவ்வரிசி வரத்து நின்றது. சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியார், வேலையாகக் கேரளம் போய்வருகிறவர், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் வித்தை ஷாவுக்குத் தெரியும். 1943இல் இருவரும் சேலத்தில் ஆரம்பித்தார்கள். தொட்டி, துணி, வறுக்கும் சட்டி என்று கைக்கு அகப்பட்டதை வைத்துச் செய்தார்கள். அடுத்த ஆண்டே பஞ்சம் என்று சொல்லி மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. மனுக் கொடுத்துத் தடையை நீக்கினார்கள். ஒரு மீன் வியாபாரியின் மூளையில் உதித்தது, இன்று சேலம், நாமக்கல், தர்மபுரி என்று பரவி, ஏகாதசியும் நவராத்திரியும் வந்தால் மகாராஷ்டிரத்தின் அடுப்படி வரை போகிறது. எந்த ஐந்தாண்டுத் திட்டத்திலும் இது தொடங்கவில்லை.

அதற்காகச் சின்னதெல்லாம் அழகு என்று பாட்டுப் பாடவும் நான் தயாராக இல்லை. எண்பது ஆண்டுகளாக நாம் பெரும்பாலும் அதே உருண்டையைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறோம். காரணம் வேண்டுமென்றால் உங்கள் அப்பாவிடம் பாயிண்ட் பற்றிக் கேளுங்கள். லோடு ஆலைக்குள் போனதும் ஐந்து கிலோ கிழங்கை எடுத்து, தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீரிலும் கனம் காட்டும். அந்த முள் எங்கே நிற்கிறதோ அதுதான் பாயிண்ட். பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. கணக்கு அருமையானது. ஆனால் தராசு ஆலைக்காரருடையது, மாதிரி எடுக்கும் கை ஆலைக்காரருடையது, முள்ளைப் படிக்கும் கண்ணும் அவருடையதே. பத்து மாதம் வயலில் கிடந்த கிழங்கின் விதி பத்து நிமிடத்தில் முடிகிறது. 28 என்று நினைத்துப் போனவர் 25 என்று கேட்டுத் திரும்புவார். வண்டி வாடகை கொடுத்தாகிவிட்டது, வெட்டிய கிழங்கு நாளைக்குக் கெட்டுவிடும். எந்தத் தைரியத்தில் திருப்பி எடுத்துப்போவார்?

ஆலைக்காரரைக் கேட்டால் அவருக்கும் புலம்பல் உண்டு. பக்கத்து ஆலையில் மக்காச்சோள மாவைக் கலக்கிறான், ரசாயனம் போட்டு வெளுக்கிறான், நேர்மையாகச் செய்தால் என் சரக்கு மங்கலாகத் தெரிகிறது என்பார். அதுவும் உண்மைதான். வெள்ளையாக இருந்தால்தான் வாங்குவேன் என்று சந்தை அடம்பிடிக்கும் இடத்தில், கலப்படம் செய்யாதவன் தண்டம் கட்டுகிறான். இந்த இரண்டு சந்தேகங்களுக்கும் நடுவில் உட்கார யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தராசும், யார் பக்கமும் சாயாத ஒரு பரிசோதனைக் கூடமும் வேண்டும். தொழிற்கொள்கை என்று நான் சொல்வது இதைத்தான். ரிப்பன் வெட்ட அதில் எதுவும் இல்லாததால் அமைச்சர்கள் வருவதில்லை.

அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றும் சொல்லக்கூடாது. 1981இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் மூட்டையைக் கிடங்கில் வைத்துக்கொண்டு ஆலைக்காரருக்கு முன்பணம் கொடுத்தது, மாதிரி பார்த்து ஏலத்தில் விற்றுத் தந்தது. தரகர் சொன்னதே விலை என்பது கொஞ்சம் தளர்ந்தது. உருக்காலை திறந்த அதே ஆண்டு! எது பெரிய செய்தியாக வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு இன்னும் பிடித்தது ஒரு குளவியின் கதை. 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நம் பக்கமும் வந்து வயல்களைச் சுருட்டியது. மருந்துக்கு மடியாத பூச்சி. அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். எறும்பைவிடச் சின்ன உயிர். அது வராமலிருந்தால் எத்தனை ஆலை மூடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து ஏத்தாப்பூர் எவ்வளவு தூரம்?

கொரியா என்றதும் எல்லோரும் ஆலையின் அளவைச் சொல்கிறார்கள். பார்க் சுங் ஹீயின் ராணுவ ஆட்சியையும் தொழிலாளியின் வாயைக் கட்டியதையும் யாரும் சொல்வதில்லை; அது நமக்கு வேண்டாம். எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அங்கே மலிவுக் கடன் வாங்கியவன் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த கடன் கிடையாது. நம் சலுகைகளுக்குத் திருப்பிக் கேட்கும் பழக்கம் இல்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தறி ஓடுவதற்குக் கிடைக்கிற உதவியில் பாதிகூடத் தறியை மாற்றுவதற்குக் கிடைப்பதில்லை. அதனால் சின்னவன் சின்னவனாகவே இருந்துகொள்வதுதான் லாபம் என்று ஆகிவிடுகிறது.

என் தாய்மாமாவுக்குச் சேலத்தில் ஒரு லேத் பட்டறை இருந்தது. இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், நான்கு பேர். ஒரு பெரிய நிறுவனத்துக்கு உருளைத் தண்டு கடைந்து கொடுப்பார். பெயர் வேண்டாம். சரக்கு போன நாளிலிருந்து பில் பாஸாக ஏழு மாதம் ஆகும். வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் போய், கணக்குப் பிரிவு ஜன்னலுக்கு வெளியே நின்று, 'அடுத்த வாரம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு வருவார். 2006இல் சட்டம் வந்துவிட்டது: சிறு தொழிலிடம் வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டிக்கு வட்டி, அதுவும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு. நான் ஓர் உற்சாகத்தில் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா நிதானமாகப் படித்தார். மடித்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "நல்லாத்தான் எழுதியிருக்கான். மனுப் போட்டால் இந்த ஏழு மாதப் பணம் வரும், எட்டாவது மாதத்து ஆர்டர் வராது" என்றார். பட்டறையை விற்கும்வரை அந்தக் காகிதம் அங்கேயே இருந்தது. வசூலுக்கு அலைந்த நேரத்தில் அவர் கணினி கட்டுப்பாட்டில் கடையும் ஒரு சி.என்.சி. இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கலாம். வாங்கத்தான் பணம் ஏது?

எதிர்ப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேலம்-சென்னை எட்டுவழிச் சாலையைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2018இல் 277 கிலோமீட்டருக்கு அளவுக்கல் நட்டார்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில், முறைப்படி புதிதாகத் தொடங்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். கிணற்று மேட்டில் நின்று அழுத பெண்களை நானும் பார்த்தேன். சாலையே வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. உருக்காலைக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் கதை அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு வேலை என்ற பேச்சு எங்கே போய் முடிந்தது என்றும் தெரியும். பழைய கணக்கை முடிக்காமல் புதுக் கணக்குத் திறந்தால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனை என்று அறிவித்திருக்கிறார்கள். வரட்டும். வந்தால் நான் முதலில் கேட்கப்போவது, எத்தனை ஆயிரம் கோடி என்று அல்ல. அதற்குத் தண்டு கடைந்து தருகிற லேத் பட்டறைக்கு எத்தனை நாளில் பணம் வரும் என்றுதான்.

நீங்கள் தர ஆய்வாளர். கருவியை அளவிட்டுச் சரிபார்ப்பது உங்கள் தொழில். அடுத்த முறை அப்பா கிழங்கு வெட்டும்போது விடுப்பு எடுத்துக்கொண்டு லாரியில் அவரோடு ஏறுங்கள். வயலிலேயே ஒரு வாளித் தண்ணீரில் மாதிரியை நிறுத்துப் பாருங்கள். பிறகு ஆலைத் தராசுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.