யார் நிராகரித்தது?

அன்புள்ள ஐயா,

தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம் எங்களுடையது. தாத்தா பெயரில் இருக்கும் வயலுக்குப் பட்டா மாறுதல் கேட்டு அப்பா மனு கொடுத்திருந்தார். 'தங்கள் மனு ஏற்புடையதல்ல என்பதால் நிராகரிக்கப்படுகிறது என்ற விவரம் தெரிவிக்கலாகிறது' என்று பதில் வந்தது. நேரில் போய்க் கேட்டோம். 'அத்தாரிட்டி ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, அப்பீல் போங்க' என்றார்கள். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர் அப்பா. அதற்கு மேல் வாய் திறக்காமல் படியிறங்கிவிட்டார். ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

— வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

ரிஜெக்ட், அப்பீல் எல்லாம் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். அப்பாவுக்கும் புரிந்திருக்கும். எதிர்த்துக் கேட்க அந்தப் பேச்சில் ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் அவர் வாயை அடைத்தது என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துப் பேச்சைக் கவனியுங்கள். சொல்லுதான், சொல்லுதாரு, சொல்லுதாவ. சொன்னவர் யார், அவருக்கு எவ்வளவு மரியாதை என்பதெல்லாம் வினையிலேயே வந்துவிடும். பாபநாசம் அணையைத் திறந்த அதிகாரி யாரென்று டீக்கடையில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் 'தண்ணி தொறந்துட்டாவளா?' என்றுதான் கேட்பார்கள். 'திறக்கப்பட்டுவிட்டதா' என்று யார் கேட்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? ஆளைத் தெரியாவிட்டாலும் அவருக்கு ஓர் இடம் வைத்தே பேசுகிறோம்.

உங்களுக்கு வந்த கடிதத்தில் ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லை. ஆனால் அது வெள்ளைக்காரர் காலத்துக் கச்சேரி, அதாவது அரசு அலுவலக ஆங்கிலத்தின் நேர் வாரிசு. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. சொற்கள் மாறின, வாக்கியம் அப்படியே நின்றது. 'நிராகரிக்கப்படுகிறது', யாரால்? 'தெரிவிக்கலாகிறது', தெரிவிப்பவர் யார்? செயப்பாட்டுவினை தமிழில் பழையதுதான், இலக்கணத்தில் இடம் உண்டு. கடிதம் முழுவதையும் அதிலேயே ஓட்டும் பழக்கம் அலுவலகத்தில் வந்தது.

ஒரு கோப்பு உள்ளே எப்படி நகர்கிறது என்று பாருங்கள். உதவியாளர் குறிப்பு எழுதுவார்: 'நிராகரிக்கலாம்.' ஆங்கிலக் கோப்பென்றால் 'மே பி ரிஜெக்டட்'. இந்த 'மே' ஆளுக்கு ஆள் மாறும். கீழே இருப்பவர் எழுதினால் பணிவான யோசனை. மேலே இருப்பவர் 'யூ மே கோ' என்றால் வெளியே போ என்று பொருள். சட்டத்தில் வந்தால் பெரும்பாலும் அதிகாரியின் விருப்பம். சில இடங்களில் அதையே கட்டாயம் என்று படிக்க வேண்டும் என நம் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. குறிப்பு மேசை மேசையாக ஏறும். மேலே ஒரு சுருக்கொப்பம் விழும். குறிப்பு எழுதியவரைக் கேட்டால் முடிவு மேலே எடுத்தது என்பார். ஒப்பமிட்டவரோ கீழிருந்து வந்த குறிப்பு என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் உருவான ஒன்றுக்குத்தான் உங்களிடம் 'அத்தாரிட்டி' என்று பெயர் சொன்னார்கள்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தாசில்தார் மாற்றலாகிப் போனாலும் அவர் போட்ட உத்தரவு நிற்க வேண்டும். அரசாணைகள் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று முடிவதும் அதனால்தான். அரசமைப்பின் 166-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் அந்த ஆணையின் அடியிலும் செயலாளர் பெயர் இருக்கும். உத்தரவு பதவியின் பெயரால் வரலாம். எழுதியவரை மனுதாரரிடம் மறைப்பதற்கு அது காரணமாகாது.

1908-இல் நம் திருநெல்வேலியில் நடந்த வழக்கை எண்ணிப் பாருங்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அரசுக்கு எதிராகத் தமிழில் பேசியதற்கு ஆங்கிலத்தில் தீர்ப்பு வந்தது. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. அநியாயமான தீர்ப்பு. ஆனால் அதை எழுதிய நீதிபதி பின்ஹே என்று இன்றும் தெரியும். பெயர் இருந்ததால் அவர் எழுதிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க முடிந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஓர் அந்நிய ஆட்சி இட்ட தண்டனைக்கு இருந்த கையொப்பம், சொந்த நாட்டில் வயல் கேட்டவருக்கு வந்த பதிலில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(ஈ), நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். அப்பா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். 'என் மனுவை நிராகரித்தவர் பெயர், பதவி, அவர் எழுதிய காரணம், கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும்.' இதில் ஆங்கிலம் எதுவும் தேவையில்லை. தாசில்தார் உத்தரவுக்கு மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு, 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்படி. அதற்குக் காலக்கெடு இருப்பதால், நகலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிட வேண்டாம்; இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள். குறிப்புப் பக்கம் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.