அப்பா சீட்டாடுகிறார், மாத்திரையை நிறுத்தலாமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 63 வயது, தக்காளி விவசாயம். ஐந்து வருடமாகப் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம். லெவோடோபா மாத்திரையில் ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்தவருக்குப் போன வருடம் பிராமிபெக்சோல் என்று இன்னொன்றைச் சேர்த்திருக்கிறார்கள். நடை நன்றாகிவிட்டது. ஆனால் சீட்டுக்கட்டையே தொட்டிராத மனிதர், ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி போட்டு வாங்கிய காசை மாந்தோப்பில் சீட்டாடித் தொலைத்துவிட்டு வருகிறார். ராத்திரியில் தூங்காமல் மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கழற்றி, வாஷரையும் நாசிலையும் சாக்கு மேல் வரிசையாக அடுக்கி, திரும்ப மாட்டி, மறுபடியும் கழற்றுகிறாராம். "புத்தி கெட்டுவிட்டதா? மாத்திரையை நிறுத்தட்டுமா, இல்லை ரத்தத்தில் டோபமின் டெஸ்ட் எடுக்கட்டுமா?" இதுதான் கேள்வி.

நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டை போல இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். டெஸ்டும் வேண்டாம், காசுக்குத்தான் கேடு. டோபமின் என்பது மூளையின் நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனம். ரத்தத்தில் ஓடும் டோபமின் மூளைக்குள் நுழையாது, மூளையில் இருப்பதையும் அது காட்டாது. அதனால்தான் டோபமினை நேராகக் கொடுக்காமல், உள்ளே போன பிறகு டோபமினாக மாறுகிற லெவோடோபாவைக் கொடுக்கிறோம்.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம்மூர் மூலிகை ஒன்றும் இருக்கிறது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும் ரெசர்பின் என்ற மருந்தை 1950களில் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். அவை காதைத் தொங்கப் போட்டு அசையாமல் கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், பார்க்கின்சனில் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நடக்க வைக்கிற டோபமினுக்கும் சீட்டாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவின் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஒரு பெட்டி தக்காளிக்கு 300 ரூபாய் கிடைக்கும் என்று நினைத்துப் போகிறார், 700 கிடைக்கிறது. அந்த நொடியில் மூளையில் டோபமின் துள்ளும். எதிர்பார்த்த 300 கிடைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. 100தான் என்றால் டோபமின் இருந்ததைவிடக் கீழே இறங்கும், அந்த இறக்கம்தான் 'இது வேண்டாம், வேறு வழி பார்' என்று பாடம் சொல்லித்தருகிறது. மூளை விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து 1990களில் அளந்து காட்டியது இதைத்தான். டோபமினைச் 'சந்தோஷ ரசாயனம்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள், எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது, கணக்குப்பிள்ளை என்றால் இன்னும் பொருந்தும்.

பிராமிபெக்சோல் டோபமின் போலவே நடிக்கிற மருந்து. அசைவுக்கான பகுதி காய்ந்த வயல் என்றால், ஆசையையும் லாபத்தையும் கவனிக்கிற பகுதி பக்கத்து வயல், அங்கே இன்னும் ஈரம் இருக்கிறது. மடையைத் திறந்தால் இரண்டுக்கும்தானே பாயும். மருந்து எந்நேரமும் தட்டிக்கொண்டே இருப்பதால், சீட்டில் தோற்றாலும் அந்த இறக்கம் சரியாகப் பதிவதில்லை, ஜெயித்தது மட்டும் மனதில் நிற்கிறது. மருந்து சாப்பிட்ட நோயாளிகள் லாபத்திலிருந்தும், சாப்பிடாதவர்கள் நஷ்டத்திலிருந்தும் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று மைக்கேல் ஃபிராங்க் குழு 2004இல் காட்டியது. 3,090 நோயாளிகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், இந்த வகை மாத்திரை எடுப்பவர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாமல் வாங்குவது, அளவுக்கு மீறித் தின்பது, காம வேகம் என ஏதோ ஒன்று இருந்தது. எடுக்காதவர்களில் 6.9. ஸ்பிரேயரைக் கழற்றி மாட்டுவதும் இதே குடும்பம்தான், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அப்பாவாகச் சொல்ல மாட்டார், வெட்கப்படுவார்.

இந்த வாரமே மாத்திரை எழுதிக்கொடுத்த நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தர்மபுரியோ சேலமோ பெங்களூரு நிமான்ஸோ, எங்கே காட்டுகிறீர்களோ அங்கேயே. புது மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பழக்கம் அடங்கிவிடும். குறைக்கும்போது சிலருக்குப் படபடப்பும் மனச்சோர்வும் வரும், வந்தால் உடனே சொல்ல வேண்டும். அதுவரை மார்க்கெட் காசை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், பத்திரம் பட்டாவை எடுத்து வையுங்கள், அப்புறம் ஊரார் முன்னால் அவரைத் திட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 'மனநிலை சரியில்லை' என்று நினைத்து யாராவது ஹாலோபெரிடால் கொடுத்தால் அது டோபமினை அடைத்து, நடந்துகொண்டிருப்பவரைப் படுக்க வைத்துவிடும். வாந்திக்கு மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டைக் கேட்காமலே தரும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான். வேலியில் படரும் பூனைக்காலி விதையிலேயே லெவோடோபா இருக்கிறது, 1937இல் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் நாட்டு மருந்து என்று அந்தப் பொடியையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு இன்னும் குழம்பும்.

லெவோடோபாவைக் களிக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கொள்ளுக் குழம்போ கறியோ இருக்கிற நாளில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் புரதம் குறுக்கே நின்று மருந்தை உள்ளே விடாது.