பேரலின் முறுக்கும் குண்டின் போக்கும்: கேள்வி-பதில்

ரைஃபிளுக்கு 1:7, 1:12 என்று போடுகிறார்களே, அது என்ன கணக்கு? (தேவகோட்டை வாசகர்)

பேரலுக்குள், அதாவது குழலுக்குள், சுருளாக வெட்டிய வரிகள்தான் குண்டைச் சுழற்றும். அந்த முறுக்கில் குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் போகிறது என்பதுதான் கணக்கு. எண் குறைந்தால் சுற்று வேகம். .22 ரிம்ஃபயரில் (விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறு தோட்டா) வழக்கமாக 1:16. நொடிக்கு 1,050 அடி வேகத்தில் வெளியே வந்தால் நிமிடத்துக்குச் சுமார் 47,000 சுற்று. பம்பரம் போல, அந்தச் சுற்றுதான் குண்டைக் குப்புற விழாமல் பிடித்து வைக்கிறது.

கனமான குண்டுக்கு வேகமான சுற்று வேண்டுமாமே, சரியா சார்? (காரைக்குடி கல்லூரி மாணவர்)

பாதி சரி, தம்பி. பார்க்க வேண்டியது நீளத்தை. ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளமும் கூடும். அதனால் எடையைச் சொல்லியே பழகிவிட்டார்கள். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடையில் முழுக்கச் செம்பாலான குண்டு நீளமாக இருக்கும், சுற்றும் அதிகம் கேட்கும்.

எத்தனை அங்குல முறுக்கு வேண்டும் என்று கணக்கிட, 1879-ல் ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரீன்ஹில் தந்த சூத்திரம் இன்றும் கைகொடுக்கும். விட்டத்தை அதாலேயே பெருக்கி, பிறகு 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுங்கள், எல்லாம் அங்குலத்தில். விட்டம் 0.224, நீளம் 0.46 என்று போட்டால் 16 சொச்சம் வரும். .22-க்கு 1:16 எப்படி வந்தது என்று புரிகிறதா? நொடிக்கு 2,800 அடியைத் தாண்டினால் 150-க்குப் பதில் 180.

காற்றின் அடர்த்தியும் உண்டு. அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்-16 முதலில் 1:14-ல்தான் வந்தது. கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டு தள்ளாடவே 1:12 ஆக்கினார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தத் தொல்லை குறைவு.

டார்கெட் தாளில் வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் மாதிரி கிழிகிறது. (கோட்டையூர் வாசகர்)

குண்டு பக்கவாட்டில் போய் அடித்திருக்கிறது. பேரலைச் சுத்தம் செய்து, வாய் விளிம்பில் அடிபட்டிருக்கிறதா பாருங்கள். அப்புறம் முறுக்கை அளந்துவிடுங்கள். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கைப்பிடியில் தாராளமாகச் சுழலும் கிளீனிங் ராடில் துணியை இறுக்கமாக மாட்டித் தள்ளுங்கள். ராடின் மேல்பக்கம் மார்க்கரால் கோடு போட்டிருந்தால், அது சுற்றி மறுபடி மேலே வருவதற்குள் ராடு உள்ளே போன தூரமே விடை. துணி வழுக்கினால் கணக்கு கெடும்.

மகளின் ஏர் ரைஃபிளுக்கும் இதெல்லாம் பார்க்கணுமா? (பள்ளத்தூர் வாசகி)

வேண்டாம்மா. பெல்லட்டின் பாவாடை மாதிரியான பின்பகுதியே அதைப் பாதி நேராக்கிவிடும். நாலு வகை பெல்லட் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதே மேல்.

எங்க ஐயா காலத்துத் துப்பாக்கிக் குழலுக்குள் வரியே இல்லையே? (கானாடுகாத்தான் ஆச்சி)

ரவையோ உருண்டைக் குண்டோ சுடுவதாக இருக்கும் ஆச்சி. உருண்டைக்கு முன்னேது, பின்னேது? அதிருக்கட்டும், லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது? இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். ஒரு தடவை சுட்டுப் பார்ப்போமே என்று பேரன் கிளம்பினால் விடாதீர்கள். பழைய குழல் வெடித்துவிடும்.