மாலை போட்டா சாமி, கழட்டினா?

(வாசகர் கேள்வி – பதில். இந்த வாரம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல குடி, பக்தி, ஒழுக்கம் பத்திதான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரம்.)

அண்ணே, என் வீட்டுக்காரர் கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டா 41 நாள் ஒரு சொட்டு தொடமாட்டார். மலைக்குப் போயிட்டு வந்து மாலை கழட்டின அன்னிக்கு சாயங்காலமே கடையில நிப்பார். 11 வருஷமா இதே கதை. இது பக்தியா, நடிப்பா?
– வாசகி, திண்டுக்கல்

நடிப்புன்னு சொல்லிடாதீங்கம்மா. 11 வருஷம், 41 நாள், கூட்டிப் பாருங்க, 451 நாள் அந்த மனுஷன் குடிக்காம இருந்திருக்கார். நடிச்சுக்கிட்டு அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆனா அந்த 41 நாள் அவரைச் சுத்தி என்ன நடக்குதுன்னு கொஞ்சம் யோசிங்க. விடியக்காலை நாலு மணிக்கு பச்சைத்தண்ணி குளியல், கால்ல செருப்பு கிடையாது, நீங்களே "சாமி, சாப்பிட வாங்க"ன்னு கூப்பிடுறீங்க, பெத்த பையன் சாமிங்கிறான், வேலை செய்ற இடத்துல முதலாளி சாமிங்கிறார், நேத்து வரைக்கும் கூட உக்காந்து குடிச்சவன் பத்தடி தள்ளி நிக்கிறான், ஏன்னா சாமிக்கு ஊத்திக்கொடுத்த பாவம் நமக்கு எதுக்குன்னு அவனுக்கே பயம். எல்லாத்துக்கும் மேல ராத்திரி ஏழு மணி, அதாவது வழக்கமா கால் தானா கடைப்பக்கம் திரும்புற நேரம், அப்ப ஏதோ ஒரு சாமி வீட்ல பஜனை. முடிஞ்சு சுண்டல் சாப்பிட்டு வந்தா தூக்கம்தான். இதுல பக்தி பாதி, கூட்டாளி பாதி, டைம்டேபிள் பாதின்னு வைங்க (கணக்கு உதைக்குது, பரவாயில்ல).

மாலை கழட்டின நிமிஷம் இது அத்தனையும் ஒரே நாள்ல காணாமப் போயிடுது. காலையில சாமி, சாயங்காலம் "டேய் மாப்ள". ஏழு மணி மட்டும் அப்படியே இருக்கு. பத்து மணி வரைக்கும் கடையும் திறந்திருக்கு. அந்த மூணு மணி நேரத்தை வெறும் மனவுறுதியை வச்சு தாண்டுன்னு நாம சொல்றோம், தாண்டலேன்னா ஒழுக்கம் கெட்டவன்னு திட்டுறோம்.

அதனால அவர்கிட்ட சண்டை போடாம குருசாமிகிட்ட போய்ப் பேசுங்க. மாலை கழட்டினாலும் சனிக்கிழமை பஜனை வருஷம் பூரா நடக்கணும், உங்க வீட்டுக்காரர் வரலேன்னா யாராவது ஒரு சாமி வந்து கூட்டிட்டுப் போகணும்னு கேளுங்க. சம்பள நாள் சனிக்கிழமைன்னா இன்னும் அவசியம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு ஒண்ணு இருக்கு, 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க ஆரம்பிச்சது, நம்ம ஊர்லயும் நிறைய இடத்துல கூட்டம் நடக்குது, காசு கிடையாது. அங்கயும் கடவுள் உண்டு, ஆனா "அவரவர் புரிஞ்சுக்கிட்ட கடவுள்". அவங்க ரகசியமும் கிட்டத்தட்ட ஐயப்பன் குரூப் ரகசியம்தான், வாரம் தவறாம கூடுறது, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கலைன்னு சொல்றது, வழுக்கி விழுந்தவனை மறுபடி உள்ள விடுறது. ஒரே வித்தியாசம், அங்க மாலை கழட்டுற நாள்னு ஒண்ணு இல்ல.

இன்னொண்ணையும் சொல்லணும், இது எல்லாருக்கும். காலையில எழுந்ததும் குடிச்சாத்தான் கை நடுக்கம் நிக்கும்ங்கிற அளவுக்குப் போனவர் டாக்டரைப் பாக்காம திடீர்னு மாலை போட்டு நிறுத்தக்கூடாது. ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், இல்லாத பூச்சி, இல்லாத ஆள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கத்துவார். உடனே நம்மாளுங்க சாமி வந்துடுச்சு, காத்து கருப்பு அடிச்சுடுச்சுன்னு விபூதி அடிக்கக் கூட்டிட்டுப் போறாங்க. அது உயிர் போற விஷயம், நேரா ஆஸ்பத்திரி. விபூதியை அங்க போய் பூசிக்கலாம்.

அந்தக் காலத்துல தெய்வபயம் இருந்துச்சு, யாரும் குடிக்கல. இப்ப பயம் விட்டுப்போச்சு, அதான் இந்த நிலைமை. சரியா?
– வாசகர், கும்பகோணம்

எந்தக் காலம் ஐயா? யாருமே குடிக்கலேன்னா வள்ளுவர் எதுக்கு மெனக்கெட்டு கள்ளுண்ணாமைன்னு பத்து குறள் எழுதினார்? அதுல 929ஆவது குறளைப் பாருங்க. குடிச்சவனுக்கு புத்தி சொல்லித் திருத்துறது, தண்ணிக்குள்ள முங்கினவனை தீப்பந்தம் வச்சுத் தேடுற மாதிரின்னு சொல்றார். அட்வைஸ் வேலைக்கு ஆகாதுன்னு அட்வைஸ் புத்தகத்துலயே எழுதின தைரியம் அவருக்குத்தான் இருந்துச்சு.

தெய்வபயம்னு சொன்னீங்களே, எங்க குலதெய்வம் முனியாண்டிக்கு சுருட்டும் சாராயமும்தான் படையல். அவர்கிட்ட போய் குடியை விடவைன்னு வேண்டிக்கிறப்போ எனக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கும்.

மதத்தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒழுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தா போதுமே, மதுவிலக்கு சட்டம் எதுக்கு? மனுஷன் மாறினா கடை தானா மூடிடும்ல?
– வாசகர், சேலம்

சேலத்துல இருந்துக்கிட்டு இதைக் கேக்குறீங்களே! மெட்ராஸ் மாகாணத்துல மதுவிலக்கு முதல்ல வந்ததே உங்க ஊர்லதான், 1937 அக்டோபர் 1. கொண்டுவந்தது ராஜாஜி. கீதையும் உபநிஷத்தும் கரைச்சுக் குடிச்ச ஆளு, உபதேசம் பண்ண அவரை விட்டா யாரு? ஆனா அவர் உபதேசத்தோட நிக்கல. சாராய வருமானம் போனா கஜானா என்ன ஆகும்னு யோசிச்சு 1939ல விற்பனை வரின்னு ஒண்ணைக் கொண்டுவந்தார். இன்னிக்கு மதுவிலக்குன்னு மேடையில பேசுறவங்கள்ல எத்தனை பேர் அந்த ரெண்டாவது பாதியைப் பேசுறாங்க சொல்லுங்க. 2023-24ல டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கும் மேல. அதுக்கு மாத்து என்னன்னு சொல்லாம ஒழுக்கம் ஒழுக்கம்னா, ஓட்டை வாளியில தண்ணி இறைக்கிற கதைதான்.

சாமி கும்பிடுறவன்தான் இதைச் செய்வான்னும் இல்ல. அதே காலத்து ஆளு பெரியார், கள்ளுக்கடை மறியல் நடந்தப்போ கள்ளுக்கு விட்டிருந்த தன்னோட தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்ச்சார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் ஈரோட்ல மறியல்ல இறங்கினாங்க. ராஜாஜியும் பெரியாரும் கடவுள் விஷயத்துல எதிரெதிர் துருவம், இந்த ஒரு விஷயத்துல ரெண்டு பேரும் தனக்கு நஷ்டம் வர்ற இடத்துலதான் முதல்ல கை வச்சாங்க, ஒருத்தர் சொந்தத் தோப்புல, இன்னொருத்தர் தான் உக்காந்திருந்த அரசாங்கத்தோட கஜானாவுல.

மதத்தலைவர்னா எனக்கு ஞாபகம் வர்றது கேரளாவோட நாராயண குரு. மது விஷம், அதை உண்டாக்காதே, கொடுக்காதே, குடிக்காதேன்னார். வரிசையைக் கவனிங்க, குடிக்கிறவன் கடைசியில வர்றான். அவரைக் கும்பிட்ட ஈழவ மக்கள்ல நிறைய பேருக்கு கள் இறக்குறதுதான் பரம்பரைத் தொழில், அவங்ககிட்டயே இதைச் சொன்னார். அது சும்மா உபதேசம் இல்ல, சோத்துல கை வைக்கிற பேச்சு. இன்னிக்கு சாமியாருங்க, பாதிரியாருங்க, இமாமுங்க குடிக்கிறவனுக்கு சொல்றாங்க, சரி. சாராய ஆலை வச்சிருக்கிறவர் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்தா கல்வெட்டுல பேரை வெட்டாம விடுறோமா?

மதத்தால முடியவே முடியாதுன்னும் நான் சொல்லல. மிசோரம் கிட்டத்தட்ட முழுசா கிறிஸ்தவ மாநிலம், சர்ச் சொன்னா ஊரே கேக்கும். அங்கயே உபதேசம் மட்டும் பத்தலேன்னுதான் சர்ச்சே சட்டம் கேட்டு வாங்கிச்சு, 1997ல மதுவிலக்கு வந்துச்சு, 2015ல கடை திறந்தாங்க, 2019ல மறுபடி மூடினாங்க. இத்தனை வருஷ இழுபறி அவ்வளவு கட்டுப்பாடான ஊர்லயே. சட்டம் மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல, குஜராத்ல 1960லேர்ந்து மதுவிலக்கு, 2009ல அகமதாபாத்ல கள்ளச்சாராயத்துல நூறு பேருக்கு மேல செத்தாங்க. கடை இருக்கிற நம்ம கள்ளக்குறிச்சியிலயும் 2024 ஜூன்ல அறுபது பேருக்கு மேல போச்சு, பெரும்பாலும் கூலி வேலைக்காரங்க. கடைச் சரக்கு விலை கட்டாதவன் மெத்தனால் கலந்த பாக்கெட்டை வாங்கினான். அவன் சாவுக்கு அவனோட ஒழுக்கம்தான் காரணம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

நடந்து ஜெயிச்ச கதை கேட்டா நெல்லூர் பக்கம் தூபகுண்டா பொம்பளைங்களைத்தான் சொல்வேன். 1992, அறிவொளி மாதிரி ராத்திரிப் பள்ளிக்கூடத்துல எழுத்துக் கத்துக்கப் போனவங்க, பாடத்துலயே குடிகாரப் புருஷனோட கதை வந்துச்சு, இது நம்ம வீட்டுக் கதையாச்சேன்னு கிளம்பிப் போய் சாராயக்கடையை மூட வச்சாங்க. அது மாவட்டம் பூரா பரவி சாராயக்கடை ஏலம் நின்னுச்சு, 1993ல ஆந்திர அரசு சாராயத்தைத் தடை பண்ணுச்சு, 1995ல முழு மதுவிலக்கு. 1997ல திரும்ப எடுத்துட்டாங்க, அது வேற, காரணம் அதே கஜானாதான்.

ஐயா, அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுத்தா குடியை மறந்துடுவார்னு ஒரு மருந்து விக்கிறாங்க. கோயில்ல கயிறும் கட்டுறாங்க. எதைச் செய்யலாம்?
– வாசகி, தூத்துக்குடி

கயிறு கட்டுங்கம்மா. அவர் சம்மதிச்சு, நாலு பேர் பாக்க சத்தியம் பண்ணிக் கட்டிக்கிட்டா, யாராவது ஊத்திக்கொடுக்க வந்தா கையை நீட்டிக் காட்டவாவது அது உதவும். மருந்து வேண்டவே வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிராம்ங்கிற மாத்திரை உடம்புல இருக்கும்போது குடிச்சா வாந்தி, படபடப்பு, பிரஷர் இறங்கி ஆளே விழுந்துடலாம், அதனால நோயாளிக்குத் தெரியாம டாக்டர் கொடுக்கவே மாட்டார். நீங்க வாங்குற பொட்டலத்துல அதுதான் இருக்கா, வேற என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? விஷயம் தெரிஞ்சா அப்புறம் உங்க கையால ஒரு வாய் காபி கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

நான் டாஸ்மாக் கடையில வேலை பாக்குறேன். தினம் கடையைத் திறக்கும்போது ஊதுபத்தி கொளுத்தி சாமி கும்பிட்டுத்தான் ஆரம்பிப்பேன். நான் பண்றது பாவமா?
– வாசகர், மதுரை

மூணு நாளா இந்த லெட்டரை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நாராயண குரு கணக்குப்படி கொடுக்கிறவர் நீங்கதான், ஆனா கவுன்ட்டர்ல உங்க பின்னாடி ஒரு அரசாங்கமே நிக்குது, அந்தக் காசுல ரேஷன் வாங்குற நானும் நிக்கிறேன். பாவத்தைப் பங்கு போட்டா உங்க பங்கு ரொம்ப சின்னது. குடும்பத்தை வச்சுக்கிட்டு வேலையை விடுங்கன்னு சொல்ற யோக்கியதை எனக்கில்ல.

21 வயசுக்குக் கீழ இருக்கிற பையன் வந்தா இல்லைன்னு சொல்லி அனுப்புறது உங்க கையில இருக்கு, சட்டமும் உங்க பக்கம். அப்புறம் ஊதுபத்தி எல்லாம் சரி, குவாட்டருக்கு மேல பத்து ரூபா கூடுதலா வாங்குறீங்களா இல்லையா, அதை எழுதலையே?