மூன்றிலிருந்து ஐந்து போகுமா?

மல்லாவிப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவரின் கேள்வி: "தரம் 5 பிள்ளைகளுக்கு 3 − 5 எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் 'ஏலாது ரீச்சர்' என்கிறார்கள். மற்றவர்கள் 2 என்று எழுதுகிறார்கள். கடன் கணக்காகச் சொல்லிப் பார்த்தேன், இன்னும் குழம்பிவிட்டார்கள். இந்த வயதில் மறை எண்ணை (0க்குக் கீழே வரும் எண்ணை) சொல்லலாமா? எப்படிச் சொல்வது?"

தாராளமாகச் சொல்லலாம் ரீச்சர். பாடத்திட்டத்தில் இது முறையாக வருவது இடைநிலை வகுப்புகளில்தான். அதனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பதற்றம் இல்லாமல் ஆறுதலாகவே செய்யலாம்.

அந்த 2 எங்கிருந்து வந்தது? "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் கழிக்க ஏலாது" என்று கீழ் வகுப்புகளில் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தானே. பிள்ளை அதை நம்பி எண்களை மாற்றிப் போட்டுக் கழிக்கிறது. 42 − 17க்கு 35 என்று எழுதுகிற பிள்ளையின் கொப்பியிலும் இதே வேலைதான் நடந்திருக்கும். 'ஏலாது' என்பதை விட்டுவிட்டு, "இதுவரை படித்த எண்களுக்குள் விடை இல்லை" என்று சொல்லிப் பழகுங்கள்.

கடன் உதாரணம் எனக்குப் பிடிப்பதில்லை. 8 ரூபாய்க் கடன் 3 ரூபாய்க் கடனைவிடப் பெரிசு, ஆகவே −8தான் பெரிய எண் என்று பிள்ளை முடிவெடுத்துவிடும். அதோடு நுண்கடன்காரர் படலையடிக்கு வந்துபோகிற வீடுகள் எங்கள் பக்கம் கொஞ்சமா? அந்தப் பேச்சு வகுப்புக்குள் வேண்டாம்.

கிணற்றை எடுங்கள். சுவரில் வெண்கட்டியால் ஒரு கோடு, கிடையாக அல்ல, நெட்டாக. நடுவில் 0, அதுதான் தரை மட்டம். கிணற்றுக் கட்டு 3 அடி உயரம் என்றால் அதன் விளிம்பு +3. விளிம்பில் இருக்கிற வாளியை 5 அடி இறக்கினால் எங்கே நிற்கும்? −2இல். நீங்கள் கேட்ட 3 − 5 அவ்வளவுதான். மாரியில் −4இல் நிற்கிற தண்ணீர் ஆவணியில் −15க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். எந்த எண் பெரியது? "எது மேலே நிற்கிறது" என்று மட்டும் கேளுங்கள். "எது ஆழம்" என்று வாய் தவறிக் கேட்டால் கடன் குழப்பம் திரும்பி வந்துவிடும்.

இது பிடிபட்டபின் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குப் போங்கள். குளம் நிரம்பினால் 36 அடி. அந்த 36ஐ 0 ஆக வைத்தால், நீர்மட்டம் 31 அடியாக இருக்கிற நாளில் அது −5. தண்ணீர் அதேதான், 0ஐ வைத்த இடம்தான் வேறு. கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த இடத்தில் நிறையக் கேள்வி கேட்பார்கள், கேட்க விடுங்கள்.

3 − (−2) போன்ற கணக்கைக் கிணற்றை வைத்து விளக்கப் போனால் இழுபடும். அதற்குப் புளியங்கொட்டைதான் சரி. தாய விளையாட்டுக்கு உரசுவதுபோல ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். வெள்ளை தெரிந்தால் +1, கறுப்பு தெரிந்தால் −1. (சீனர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே சிவப்புக் குச்சி நேர், கறுப்புக் குச்சி மறை என்று வைத்துக் கணக்குப் போட்டவர்கள்.) ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் 0. இப்போது மேசையில் மூன்று வெள்ளை. இரண்டு கறுப்பை எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பே இல்லையே என்பார்கள். அப்போது வெள்ளையும் கறுப்புமாக இரண்டு சோடி போடுங்கள், பெறுமானம் மாறாது. அப்புறம் கறுப்பு இரண்டையும் பிள்ளையே எடுக்கட்டும். மிஞ்சுவது ஐந்து வெள்ளை.

இரண்டு சய (−) சேர்ந்தால் சக (+) என்ற சூத்திரத்தை மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் −3 − 2க்கும் 5 என்று எழுதுவார்கள். பெருக்கல் வரும்போது மேல் வகுப்பு ஆசிரியர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.